வன்னியில் கோயில் வர்ணக் கண்ணாடி யன்னல் வேலை ஒரு தொழிலாகுமா?

கிளிநொச்சிப் பக்கம் இருக்கும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது. சித்திரமும் வடிவமைப்பும் படித்தவர். சித்தப்பாவின் அலுமினியக் கடையில் கணக்குப் பார்க்கிறார், கண்ணாடியும் வெட்டுகிறார். பங்குத்தந்தை அவரிடம் இரண்டு வேலை கேட்டிருக்கிறார். கோயில் முகப்பில் உள்ள பழைய வட்ட யன்னலைத் திருத்த வேண்டும். பக்கச் சுவர்களுக்குப் புனிதர்களின் உருவத்தோடு புதிதாக ஆறு யன்னல் செய்ய வேண்டும். இரண்டும் திருநாளுக்கு முன். "இதையே தொழிலாக எடுக்கலாமா, எங்கே படிப்பது, அந்தப் பழைய யன்னலில் நான் கை வைக்கலாமா?" என்று கேட்கிறார்.

எடுக்கலாம். ஆனால் படம் வரைகிறவராக இந்த வேலைக்குள் வந்தால் சீக்கிரம் சலித்துப்போவீர்கள். பழசைத் திருத்துகிறவராக வந்தால் வேலை இருந்துகொண்டே இருக்கும், வரைகிற சந்தர்ப்பம் பிறகு வரும். ஐரோப்பியப் பட்டறைகளில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்து போகிற எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அங்கேயும் நிலைமை இதுதான். இங்கிலாந்தில் யோர்க் பேராலயத்தின் கிழக்குப் பெரு யன்னலை ஜோன் தோர்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞர் 1405 இல் தொடங்கி 1408 இல் முடித்தார். அதைத் திருத்தும் வேலை 2008 இல் தொடங்கி 2018 வரை போனது. 311 பலகங்களையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் பிரித்து, சுத்தம் செய்து, திரும்பக் கோர்த்தார்கள். செய்ய மூன்று வருடம், திருத்தப் பத்து வருடம். இந்தத் தொழிலில் யாருக்கு மாதாமாதம் சம்பளம் கிடைக்கிறது என்பதை இதை வைத்தே கணக்குப் பார்க்கலாம்.

சரி, வன்னிக்கு வருவோம். நாங்கள் வர்ணக் கண்ணாடி என்று ஒரே பேரில் சொல்லுவது உண்மையில் பல வேறு சாமான்கள். பழைய கோயில்களில் அதிகம் காண்பது, மரச் சட்டத்துக்குள் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று ஒற்றை நிறத் துண்டுகளை வைத்து, மெல்லிய மரச் சலாகையாலோ பட்டியாலோ இறுக்கியது. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் கதவுக்கு மேலேயும் இதே வேலைதான். இதில் ஓவியமும் இல்லை, ஈயமும் இல்லை. இது தச்சருடைய கைவேலை, அதற்கும் மரியாதை உண்டு. போருக்குப் பிறகு கட்டிய கோயில்கள் பலவற்றில் சாதாரணத் தட்டைக் கண்ணாடியில் அச்சடித்த பிளாஸ்ரிக் படத்தை ஒட்டியிருப்பார்கள். சில இடங்களில் கண்ணாடிமேல் எனாமல் பெயின்ற் அடித்திருக்கும், அது சூளையில் சுடப்பட்டதில்லை. நிறக் கண்ணாடியை வெட்டி, அதன்மேல் தீட்டிச் சுட்டு, ஈயப்பட்டியால் கோர்த்த அசல் யன்னல் எங்கள் பக்கம் அபூர்வம். இந்தியாவில் பெரிய ஆலயங்களுக்கு அப்படிப்பட்டவை கப்பலில் வந்தன. கல்கத்தா புனித பவுல் பேராலயத்தின் மேற்கு யன்னலை பேர்ன்-ஜோன்ஸ் என்ற ஆங்கில ஓவியர் வரைந்தார். தெலங்கானாவின் மெதக்கில் 1924 இல் திறந்த பேராலயத்துக்கு இன்னொரு ஆங்கில ஓவியரான பிராங் சோல்ஸ்பரி வரைந்தார். வன்னிக் கோயில்களைக் கட்டியவர்கள் மீன்பிடித்தும் வயல் செய்தும் காசு சேர்த்தவர்கள். அவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

ஆகவே உங்கள் வட்ட யன்னலுக்கு முதல் வேலை, அது இவற்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான். சாரம் கட்டி ஏறிக் கிட்டப் பாருங்கள். கறுப்புக் கோடுகள் இரு பக்கமும் இருந்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் உருக்கி ஒட்டிய ஈயப்பற்றின் மேடு தெரிந்தால் அது கோர்த்த யன்னல். ஒரு பக்கம் மட்டும் கோடு இருந்து, ஓரம் கிளம்பியிருந்தால் அது ஒட்டிய ஈய நாடா. பூதக்கண்ணாடியில் சின்னச் சின்ன வர்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. முகத்தின் கோடுகள் கண்ணாடியோடு உருகி இறுகியிருந்தால் அது சுட்ட ஓவியம், அதை ஈரத் துணியால்கூடத் தொட முன் யோசிக்க வேண்டும். மஞ்சள் மட்டும் வெளிப்பக்கம் பூசினது போலக் கண்ணாடிக்குள் ஊறியிருந்தால் அது வெள்ளிச் சேர்மத்தால் வந்த மஞ்சள். 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஐரோப்பாவில் இதைச் செய்து வருகிறார்கள்.

இனி, ஒளி. புதிய ஆறு யன்னலைப் பற்றிப் பேசும்போது யாரும் இதைக் கேட்கமாட்டார்கள், ஆனால் எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. வன்னி கிட்டத்தட்ட வடக்கு 9 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நடு உச்சியில் நிற்கும். மார்கழி நண்பகலில்கூட அது தெற்கு வானத்தில் 57 பாகை உயரத்தில் இருக்கும். பிரான்சின் சார்த்ர் நகரில் அதே நாள் நண்பகலில் வெறும் 18 பாகைதான். அங்கே சாய்ந்த வெயில் யன்னலூடாக நேரே உள்ளே வந்து தரையில் நிறம் கொட்டும். இங்கே பக்கச் சுவர் யன்னலுக்கு மேலே விறாந்தைக் கூரை இறங்கியிருக்கும், வெயில் நேரே படாது. படுவது முற்றத்து வெள்ளை மணலில் பட்டுத் தெறித்துக் கீழிருந்து மேலே வருகிற ஒளி. முல்லைத்தீவுக் கரையோரக் கோயில்களில் மத்தியானம் நின்று பார்த்தால் தெரியும், யன்னலின் கீழ்ப்பாதி கண்ணைக் கூச வைக்கும், மேற்பாதி மங்கிக் கிடக்கும். ஐரோப்பிய யன்னலின் படத்தை இணையத்தில் எடுத்து அப்படியே செய்தால் கீழே நிற்கும் புனிதரின் கால் பளிச்சென்றும் முகம் கருத்தும் போகும்.

அதனால் கீழ்ப்பாதிக்கு அடர்ந்த நிறமும் சொரசொரப்பான கண்ணாடியும், முகம் வரும் இடத்துக்கு வெளிறினதும் என்று மாற்றி யோசியுங்கள். நீலத்தைக் கவனியுங்கள். பலமான ஒளியில் நீலம் தன் எல்லையைத் தாண்டிப் பரவும், பக்கத்திலுள்ள கோடுகளையும் தின்றுவிடும்; சிவப்பு தன் இடத்தில் நிற்கும். 19 ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் இதைக் கவனித்து எழுதி வைத்திருக்கிறார்கள். நீலத் துண்டின் ஓரங்களில் சுடுகிற வர்ணத்தால் ஒரு மெல்லிய பூச்சுக் கொடுத்து ஒளியை அடக்குவது பழைய வழி. மாதாவுக்கு நீல அங்கி தவிர்க்க முடியாது என்பதால் இந்தப் பாடம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தேவைப்படும்.

பலிபீடத்துக்குப் பின்னால் கிழக்குப் பார்த்த பெரிய யன்னல் கேட்டால் மறுத்துவிடுங்கள். காலைப் பூசையில் வெயில் சனத்தின் கண்ணுக்குள் நேரே அடிக்கும், பூசை வைக்கிற சுவாமியின் முகமே தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பங்குச் சபைக்கு இது பிடிக்காது. வன்னிக் கோயிலுக்குப் படத்தைவிடக் காற்று முக்கியம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சனம் நிறைந்த பூசையில், திறக்க முடியாத ஆறு யன்னலைச் சுவரில் வைப்பது பாவம். திறக்கிற பலகத்தைக் கீழே விட்டு, வர்ண வேலையை மேலே வளைவுப் பகுதிக்குள் அடக்குங்கள். அலுமினிய நழுவு யன்னலுக்குள் ஈயக் கோர்வையைப் போட வேண்டாம். இழுத்துத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது குலுங்கும், ஈயம் களைத்துப்போகும்.

வெப்பத்தின் கணக்கையும் பாருங்கள். ஒரு மீற்றர் நீளமான கண்ணாடி, வெப்பம் 40 பாகை ஏறினால் ஏறத்தாழ 0.36 மில்லிமீற்றர் நீளும். அதே நீள அலுமினியம் 0.9 மில்லிமீற்றருக்குக் கிட்ட நீளும், ஈயம் ஒரு மில்லிமீற்றரைத் தாண்டும். வெயிலில் விரிந்த ஈயம் குளிர்ந்த பிறகு முழுக்கப் பழைய இடத்துக்கு வராது. அது மெதுவாகத் தொய்கிற உலோகம், பல வருடத்தில் பலகம் வயிறு தள்ளும். அதனால் ஒரு பலகத்தை ஒரு சதுர மீற்றருக்கு மேல் போக விடாதீர்கள், சுற்றிவர மூன்று மில்லிமீற்றராவது இடைவெளி விடுங்கள். 3 மில்லிமீற்றர் கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு ஏழரைக் கிலோ. ஈயமும் பற்றும் சேர அதன் இரு மடங்குக்கு வந்துவிடும். அந்தப் பாரத்தைத் தாங்கக் குறுக்குக் கம்பி வேண்டும், பலகத்தில் பற்றிய செப்புக் கம்பியால் அதோடு முறுக்கிக் கட்ட வேண்டும்.

அந்தக் குறுக்குக் கம்பிக்கு வீட்டுக் கிறில் செய்கிற இரும்பைப் போடுகிறார்கள். கரையோரத்தில் இது பெரிய கேடு. உப்புக் காற்றில் இரும்பு கறள் பிடித்தால் அதன் பருமன் பல மடங்கு பெருகும், சுவரையும் வெடிக்க வைக்கும், கண்ணாடியையும் நெரிக்கும். முல்லைத்தீவு, மன்னார்க் கரைகளில் 316 என்ற தரத்துத் துருப்பிடிக்காத உருக்குத்தான் சரி. 304 மலிவு, ஆனால் கடல் உப்புக்கு அது ஈடுகொடுக்காது. கடையில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், பற்றுச்சீட்டில் தரத்தை எழுதி வாங்குங்கள்.

இனி அந்த வட்ட யன்னல். ஈயம் கோர்த்த யன்னல் என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் பழைய கண்ணாடிகளுக்கு வந்த சேதத்தில் பாதி வயதால் வந்தது, பாதி போரில் செல் வெடித்த அதிர்வால் வந்தது. அதிர்வு வந்தால் தனிக் கண்ணாடி சிதறும். ஈயக் கோர்வை மென்மையானது என்பதால் உள்ளே வளைந்து கொடுக்கும், சந்திகள் கிழியும், துண்டுகள் நடுவால் வெடித்தபடி இடத்திலேயே நிற்கும். கீழிருந்து பார்த்தால் முழுசாக இருப்பது போலவே தெரியும். முதலில் பகல் வெளிச்சத்தில் உள்ளும் புறமும் படம் எடுங்கள். பிறகு கழற்ற முன் இருந்த இடத்திலேயே உடைந்த துண்டுகளுக்குப் பலம் குறைந்த நாடா ஒட்டுங்கள். ஓவியம் உள்ள பக்கத்தில் ஒட்ட வேண்டாம், வர்ணம் உரிந்து வரும். மேசைக்கு வந்ததும் மெல்லிய கடதாசி போட்டு மெழுகுக் கட்டியால் தேய்த்து ஈயக் கோடுகளின் படியை எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம் இடுங்கள். அந்தக் கடதாசிதான் இனி உங்கள் வரைபடம்.

எல்லா ஈயத்தையும் மாற்றத்தான் வேண்டுமா என்றால், இல்லை. நல்ல ஈயம் நூறு வருடத்தைத் தாண்டும். சந்திகள் மட்டும் கிழிந்திருந்தால் அவற்றை மட்டும் பற்றிவிடலாம். வயிறு தள்ளின பலகத்தைத் தட்டி நேராக்கப் பார்க்க வேண்டாம். மட்டமான பலகையில் கிடத்தி, சின்னப் பாரம் வைத்து, வெயிலின் இளஞ்சூட்டில் நாட்கணக்கில் விட்டால் தானாக இறங்கும், அவசரப்படுத்தினால் கண்ணாடி போகும். சுத்தம் செய்யக் காய்ச்சி வடித்த தண்ணீரும் பஞ்சும் போதும். சவர்க்காரத் தூள், மலசலகூட அமிலம், பிளேட் எதுவும் கிட்ட வரக்கூடாது. திருநாளுக்கு முதல் நாள் இளைஞர் குழு வந்து யன்னல் கழுவும், அதைத் தடுக்கிறதும் உங்கள் வேலையில் ஒரு பகுதி.

வெடித்த முகத்தை ஒட்டக் கண்ணாடிக்கென்றே வரும் தெளிந்த எப்பொக்சி இருக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண ஒட்டுப் பசை வெயிலில் மஞ்சளாகும். முகத்தின் கோடு அழிந்திருந்தால் பழைய கண்ணாடியில் மறுபடி தீட்டிச் சுடக்கூடாது. இரண்டாவது சூட்டில் பழைய துண்டு வெடிக்கலாம், பழைய கைவேலையும் போய்விடும். மெல்லிய வெறுங் கண்ணாடியில் அழிந்த கோட்டை மட்டும் தீட்டிச் சுட்டு, பழசின் பின்னால் வைத்து ஒரே ஈயத்துக்குள் கோர்க்க வேண்டும். யாராவது பின்னால் வந்து விரும்பினால் அதைக் கழற்றிவிடலாம். 1952 இல் தொடங்கிய கோர்ப்பஸ் விற்றெயாரும் என்ற சர்வதேச அமைப்பின் பாதுகாப்பு நெறிகளும் இந்தப் போக்கிலேயே போகின்றன: குறைந்த அளவு கை வை, வைத்ததைத் திரும்ப எடுக்கக்கூடியதாக வை, எல்லாவற்றையும் பதிந்து வை.

திரும்ப எடுக்கலாம் என்பது எங்களுக்கு இன்னொரு வகையிலும் முக்கியம். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது மடு மாதாவின் சுருவத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். சுருவத்தைத் தூக்கலாம், யன்னலை எப்படித் தூக்குவது என்று கேட்பீர்கள். சார்த்ர் பேராலயத்தில் 1939 இல் போர் வந்தபோது யன்னல்களைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து அப்புறப்படுத்தினார்கள், 1918 இலும் அப்படிச் செய்திருந்தார்கள். கழற்றக்கூடியதாகப் பொருத்தியிருந்தபடியால்தான் முடிந்தது. நீங்கள் சிமெந்து வைத்தோ சிலிக்கோனை அள்ளிப் பூசியோ இறுக்கினால் அடுத்த தலைமுறை உடைத்துத்தான் எடுக்கும். உள்பக்கத்திலிருந்து திருகாணியால் பிடிக்கிற சட்டம் வையுங்கள்.

வெளிப்பக்கம் பாதுகாப்புக்கு பொலிகாபனேற் என்ற தெளிந்த பிளாஸ்ரிக் தகடு அடிப்பார்கள். நாளாக அது மஞ்சளாகும். காற்றுப் போக வழியில்லாமல் அடைத்தால் இரண்டுக்கும் நடுவில் வெப்பம் ஏறி ஈயத்தை இன்னும் தொய்ய வைக்கும். மேலும் கீழும் காற்றுத் துவாரம் விட்டால்தான் அதில் பிரயோசனம்.

புதிதாகச் செய்கிற முறையைப் படிப்படியாக எழுதப் போவதில்லை, காணொளிகள் நிறைய உண்டு. அவற்றில் இல்லாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கோயில் வளைவுகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்காது. மேசன் கண்ணளவில் கட்டியது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஹார்ட்போட்டில் அச்சு வெட்டிப் பார்த்தே அளவெடுங்கள். ஈயப்பட்டியின் நடுத்தண்டு ஏறத்தாழ 1.75 மில்லிமீற்றர். அந்த அளவைக் கடதாசியிலிருந்து கழித்து வெட்டுகிற மூன்று அலகுக் கத்தரிக்கோல் இங்கே தேடித் திரிய வேண்டியதில்லை, அதே தடிப்பு முனையுள்ள மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, கோட்டின் உள் ஓரத்தில் வெட்டினால் சரி. ஈயம் பற்ற முன் சந்தியில் தடவக் கொழுப்பிலிருந்து செய்யும் ஸ்ரியரின் மெழுகுதிரி நல்லது. பலிபீடத்தில் மிஞ்சின மெழுகுதிரியை எடுத்துவராதீர்கள், பரபின் மெழுகு ஒட்டுக்கு உதவாது. ஈயத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி அடைக்கும் பசைக்குச் சுண்ணக்கல் மாவு, ஆளிவிதை எண்ணெய், தர்ப்பந்தைலம், விளக்குக் கரி போதும். வெற்றிலைச் சுண்ணாம்பு வேறு சாமான், மாற்றிப் போடாதீர்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வன்னி வெயிலில் இதைப் பகிடியாக எடுக்க வேண்டாம். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகரப் பேணிக்குள் போடுங்கள்.

தீட்டிய கண்ணாடியைச் சுடச் சின்ன மின்சூளை வேண்டும், 620 முதல் 680 பாகை வரை. போறணை சரிவராது. கரண்டு நின்றால் பயப்பட வேண்டாம்: சூளையைத் திறக்காமல் விட்டால் மெல்லக் குளிரும், மறுநாள் திரும்பச் சுடலாம். ஆனால் சூடு போதாமல் எடுத்த வர்ணம் சில வருடத்தில் உதிரும். 19 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து யன்னல்கள் பலவற்றில் முகங்கள் வெறுமையாகிப் போனதற்கு வர்ணத்தில் வெண்காரம் கலந்தது ஒரு காரணம். வேகமாய் உருகும் என்று கலந்தார்கள், ஈரம் அதைத் தின்றுவிட்டது. கொடுக்கிற விலைக்கு முகமாவது நிலைக்க வேண்டும்.

எனக்குத் தனிப்பட்ட ஒரு ஆசை உண்டு. 25 மில்லிமீற்றர் அளவு தடித்த கண்ணாடிக் கட்டிகளைக் கொங்கிறீற்றில் பதிக்கிற ஒரு முறை, இரு உலகப் போர்களுக்கு நடுவில் பிரான்சில் வளர்ந்தது. ஓவியம் இல்லை, நிறமும் வடிவமும் மட்டும். தடித்த கண்ணாடி எங்கள் வெயிலை நன்றாகத் தாங்கும், ஒளியையும் அடக்கும். காற்றுத்துவாரக் கற்களை வார்க்கிற மேசன்மார் வன்னியில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உள்ளே வைக்கும் கம்பி கறள் பிடித்தால் கொங்கிறீற்று வெடிக்கும், அதற்குத் துருப்பிடிக்காத கம்பி போட வேண்டும். தச்சர் செய்த பழைய வர்ணத் துண்டு யன்னலுக்கு அடுத்தபடி எங்கள் நிலத்துக்குப் பொருந்துவது இதுதான் என்று நினைக்கிறேன். செய்து பார்க்க ஒரு சின்னச் சிற்றாலயம் கிடைத்தால் விடாதீர்கள்.

ஈயத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது கையால், தூசியால், வாயால் உடம்புக்குள் போகும். பட்டறையில் சாப்பாடு, தேத்தண்ணி, வெற்றிலை எதுவும் கூடாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பை அங்கேயே மாற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். பழைய ஈயத்தின் வெள்ளைப் பொடியை உலர்ந்த தும்புக்கட்டையால் கூட்டக்கூடாது, ஈரத் துணியால் துடையுங்கள். பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பமாக இருக்கும்போதும் பாலூட்டும்போதும் ஈய வேலையிலிருந்து விலகி, வரைவது, அளவெடுப்பது, கணக்கு எழுதுவது என்று மாறிக்கொள்ளுங்கள். பால் குடித்தால் ஈயம் முறியும் என்று பட்டறைகளில் சொல்லுவார்கள், நம்ப வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

படிப்புக்கு வருவோம். வெட்டப் பழகியிருக்கிறீர்கள், அது பெரிய முதல். அடுத்து ஓவியமே இல்லாமல், வெறும் நிறக் கண்ணாடியை நேர்கோட்டில் ஈயத்தால் கோர்க்கப் பழகுங்கள். அதில் தண்ணீர் ஊற்றி ஒழுகாது என்று கண்டபிறகு வளைகோடு. தீட்டுவது கடைசி. வெளியே போக வசதி வந்தால் ஜேர்மனியில் கலைக் கண்ணாடிக் கோர்வைக்கும் கண்ணாடி ஓவியத்துக்கும் மூன்று வருடத் தொழிற்பயிற்சி உண்டு. ஹடமாரில் இதற்கென்று கண்ணாடிப் பள்ளி இருக்கிறது. பாதுகாப்புப் படிப்புக்கு அங்கே ஏர்பூர்ட், இங்கிலாந்தில் யோர்க் பல்கலைக்கழகம். வேல்சில் சுவான்சி நகரில் 1930களிலிருந்து இந்தக் கலையைக் கற்பித்து வந்தார்கள். எந்தப் படிப்பு இப்போது நடக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். பட்டத்தைவிட ஒரு பட்டறையில் இரண்டு வருடம் ஈயம் பற்றுவதுதான் கையைப் பழக்கும் என்பது என் எண்ணம். எங்கள் சனத்துக்கு ஜேர்மனியிலும் பிரான்சிலும் ஒரு மாமாவாவது இருப்பார், ஆனால் மொழியை இங்கேயே படித்துக்கொண்டு போங்கள்.

காசு. நல்ல நிறக் கண்ணாடி இங்கே செய்வதில்லை. வாயால் ஊதி, உருளையாக்கி, வெட்டி விரிக்கிற கண்ணாடியை ஜேர்மனியின் வால்ட்சாசன் போன்ற ஒரு சில இடங்களில்தான் இன்னும் செய்கிறார்கள். கைவினைக் கண்ணாடி செய்யும் அறிவை 2023 இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த விலைக்கு முகத்துக்கும் அங்கிக்கும் மட்டும் அதை வாங்கலாம், மற்ற இடங்களுக்கு இயந்திரத்தில் உருட்டிய கண்ணாடி போதும். விலைமதிப்புக் கொடுக்கும்போது டொலர் விலையைக் குறித்து, மாறினால் மாறும் என்று எழுதுங்கள். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாச் சொச்சத்திலிருந்து 360 ஐத் தாண்டியது. பழைய விலையில் கொந்தராத்து எடுத்தவர்கள் கைக்காசைப் போட்டு முடித்தார்கள். பொருட்செலவு முழுவதையும் முற்பணமாக வாங்குங்கள், சாரத்தின் செலவை மறக்காதீர்கள்.

வன்னிக் கோயில் யன்னலுக்குப் பணம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து, இறந்தவரின் நினைவாக வரும். பெயரைப் பெரிதாகப் போடச் சொல்லுவார்கள். சார்த்ரில், பணம் கொடுத்தவர்களின் அடையாளம் என்று சொல்லப்படுகிறபடி, வெதுப்பகத்தாரும் செருப்புத் தைப்பவர்களும் தங்கள் வேலையைச் செய்கிற காட்சிகளை யன்னலின் அடியில் சின்னதாக வைத்திருக்கிறார்கள். தகப்பன் கரைவலை இழுத்தவர் என்றால் இராயப்பரின் காலடியில் ஒரு தோணியும் வலையும் வையுங்கள், பெயர் அதற்குக் கீழே ஒரு வரி. குடும்பத்துக்கு அது கூடப் பிடிக்கும். உருவங்களைப் பத்து மீற்றர் தள்ளி நின்று பார்க்கிற ஒரு பாட்டிக்கு யாரென்று விளங்க வேண்டும்: இராயப்பருக்குத் திறப்பு, செபஸ்தியாருக்கு அம்பு, சந்தியோகுமையோருக்குக் குதிரை, லூசியம்மாளுக்குத் தட்டில் கண்கள். ஓரத்து வேலைப்பாட்டுக்குப் பாலை இலையும் வாகைப் பூவும் அழகு. கார்த்திகைப்பூ வரைய ஆசைப்பட்டால் அதற்கு எங்கள் மண்ணில் வேறு அர்த்தமும் உண்டு, சுவாமியிடம் முதலே கேட்டுவிடுங்கள். மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபைக் கோயில்களில் உருவம் வேண்டாம் என்பார்கள், அங்கே சிலுவையும் திராட்சைக் கொடியும் போதும்.

கோயில் வேலை மட்டும் வருடம் முழுக்க வராது. சாமி அறைக் கதவு, பழைய வீடுகளின் மேல்வளைவுக் கண்ணாடி, விடுதிகள் என்று சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும். சித்தப்பாவின் கடையை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாகத் திருநாள் அவசரம். வட்ட யன்னல் விழுகிற நிலையில் இருந்தால் இப்போதைக்குக் கழற்றிப் பத்திரப்படுத்தி, இடத்துக்கு ஒரு பலகை அடியுங்கள். திருத்தம் தவணை போட்டு முடிகிற வேலை இல்லை. பழைய கோயிலானால் மறைமாவட்டத்தின் சம்மதமும் எழுத்தில் வேண்டும், உங்கள் பக்கம் என்றால் யாழ்ப்பாணம் மறைமாவட்டம்; வவுனியா, மன்னார்ப் பக்கம் என்றால் மன்னார் மறைமாவட்டம். புதிய ஆறில் ஒன்றை மட்டும் திருநாளுக்குச் செய்கிறேன் என்று சொல்லுங்கள். அது ஒரு மாரி மழையும் ஒரு கோடை வெயிலும் தாங்கட்டும், ஒழுக்கோ தொய்வோ இல்லையென்றால் மற்ற ஐந்தையும் எடுங்கள். சுவாமி ஆறும் இப்பவே வேண்டும் என்று நின்றால், சித்தப்பாவின் கடையிலேயே ஒட்டுப்படம் போட்டுக் கொடுக்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒட்டுப்படம் என்று சொல்லி, ஒட்டுப்படத்தின் விலைக்குக் கொடுங்கள்.